பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்

பிள்ளையோடு பேசி விளையாடப் பெற்றவர்களைப் பழக்கும் பெற்றோர் வகுப்பை 22 வருடம் நடத்தியவள் நான் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் இல்லை. தரையில் உட்கார்ந்து எழுந்து முட்டி தேய்ந்துபோன ஆள், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு எட்டு மாதப் பெண் குழந்தை. எங்கள் குடியிருப்பில் வாரம் ஒருமுறை பெற்றோர் வகுப்பு நடக்கிறது. போகலாம் என்றால் வெளியூரில் இருக்கும் மாமியார், "நாலு பிள்ளை பெற்று வளர்த்தேன், எந்த வகுப்புக்குப் போனேன்?" என்று போனில் கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே அம்மா? இதெல்லாம் உண்மையிலேயே தேவையா?

பதில்: அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சொல்வது பாதி சரி. வகுப்புக்குப் போகவில்லைதான். ஆனால் தனியாக வளர்த்தாரா என்று சாவகாசமாக ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அவருடைய அம்மா கூட இருந்திருப்பார். நாத்தனார் இருந்திருப்பார். பிள்ளை விடாமல் அழும்போது எட்டிப் பார்த்து, "இது பசி அழுகை இல்லை, தூக்கத்துக்கு அழுகிறது" என்று சொல்லப் பக்கத்து வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள். அவருக்கு வகுப்பு வீட்டுக்குள்ளேயே நடந்தது, பெயர்தான் வைக்கவில்லை. உங்கள் வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள்? நீங்கள், குழந்தை, ஒரு போன்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். நாலு பிள்ளை வளர்த்தவர்களிலும் பலர், "பேச்சே வராத பிள்ளையிடம் என்ன பேசுவது?" என்று கேட்பார்கள். நானே என் மூத்தவனிடம் அப்படித்தான் இருந்தேன். குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், தூங்க வைப்பேன், எல்லாம் மௌனமாக நடக்கும். எட்டு மாதக் குழந்தை ஒரு பொருளைப் பார்க்கிறது, கையை நீட்டி ஒரு சத்தம் போடுகிறது. நீங்களும் அதைப் பார்த்து அதன் பெயரைச் சொல்கிறீர்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறீர்கள். குழந்தை மறுபடி சத்தம் போடுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சும் புத்தியும் வளர்கின்றன. நல்ல வகுப்பு என்பது பெரும்பாலும் இந்த ஒன்றைப் பழகிக்கொள்கிற இடம்தான்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று மாமியார் கேட்டால் ஜமைக்காவில் நடந்ததைச் சொல்லுங்கள். 1980களின் பிற்பாதியில், சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவ ஆய்வாளர், தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். எல்லோரும் 9 முதல் 24 மாதம் வரையுள்ளவர்கள். ஒரு பிரிவுக்குச் சத்தான பால் உணவு, ஒரு பிரிவுக்கு வீடு தேடி வந்து விளையாட்டுச் சொல்லித்தருவது, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. வீட்டுக்குப் போனவர்கள் பெரிய படிப்பாளிகள் இல்லை, சமூக சுகாதாரப் பணியாளர்கள். வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம். கையில் வேண்டாத பொருட்களைக் கொண்டு செய்த பொம்மைகள். அவற்றை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, அடுத்த வாரம் வேறு கொடுப்பார்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த வீடுகளின் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 2014இல் இது வெளியானது. பால் உணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை.

129 என்பது சின்ன எண்ணிக்கைதான், அதுவும் ஒரு நகரத்துப் பிள்ளைகள். அதனால் மகளின் வருங்காலச் சம்பளத்தை இப்போதே கணக்குப் போடாதீர்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. வந்த பணியாளர் பிள்ளைக்குப் பாடம் நடத்திவிட்டுப் போகவில்லை. பிள்ளையோடு விளையாட அம்மாவைப் பழக்கிவிட்டுப் போனார். மீதி ஆறு நாளும் வீட்டில் இருப்பது அம்மாதானே!

நான்கு வாரம் போய்ப் பாருங்கள். மாமியார் ஊருக்கு வரும்போது அவரையும் கூட்டிப் போங்கள். அந்த வகுப்பில் அவர் சொல்லித்தருவதற்கும் நிறைய இருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறான், சுவரோரம் நகர்கிறான், தனியாக நடக்கவில்லை. வகுப்பில் ஒரு குழந்தை பத்து மாதத்திலேயே நடந்துவிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வகுப்புக்குப் போகவே பிடிக்கவில்லை.

பதில்: உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்கு இது: தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். இடையில் ஒன்பது மாதத்துக்கும் மேல்! பத்து மாதத்தில் நடந்தவனும் உங்கள் பிள்ளையும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறார்கள். சுவரோரம் நகர்கிறான் என்றால் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம்.

18 மாதமாகியும் நடக்காவிட்டால், ஒரு பக்கத்துக் கை காலை மட்டுமே பயன்படுத்தினால், அல்லது செய்துகொண்டிருந்த ஒன்றை மறந்துவிட்டதுபோல் நிறுத்திவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியில் சொன்னது எந்த வயதாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டியது. மற்றபடி, வகுப்பு நடத்துகிறவர் பிள்ளைகளை வரிசைப்படுத்திப் பேசுகிறார் என்றால், தயங்காமல் அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. பேச்சு வளர்வதற்கென்றே வருகிற வீடியோக்களைப் போட்டுக் காட்டுகிறேன். கார்ட்டூன் இல்லை, படத்தைக் காட்டிப் பெயர் சொல்கிற வீடியோக்கள்தான். வகுப்பில் அதுவும் கூடாது என்கிறார்கள். ஏன்?

பதில்: அந்த வீடியோ உங்கள் மகளுக்காகக் காத்திருப்பதில்லை, அதுதான் காரணம். 2003இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் அழகான சோதனை ஒன்று செய்தார். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள். சிலருக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் வந்து, பன்னிரண்டு முறை, புத்தகம் வாசித்துக் காட்டி விளையாடினார்கள். சிலருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவை ஒன்றும் கற்கவில்லை.

இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம், அதற்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. வெளியூரில் இருக்கும் பாட்டியோடு வீடியோவில் பேசுவதை இதில் சேர்க்காதீர்கள். பாட்டி பதில் சொல்வார், காத்திருப்பார்.

சரி, நீங்கள் குளிக்கப் போகும் பத்து நிமிடத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் போடுங்கள். அதற்காக யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள். அதைப் படிப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம். "பேசுங்கள், சிரியுங்கள், முகம் பாருங்கள்" என்று வகுப்பில் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. தூங்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வருவதில்லை, காரணமில்லாமல் அழுகிறேன். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்ட அம்மாவைப் பார்த்து ஒரு குழந்தை கதறும் வீடியோவைக் காட்டினார்கள். என் குழந்தையின் மூளையை நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். இதழில்தான் இந்த இடத்தில் வருகிறது.

அந்த வீடியோவை நானும் பல வருடம் காட்டியிருக்கிறேன், பிறகு நிறுத்திவிட்டேன். 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் செய்த சோதனை அது. அம்மா முதலில் விளையாடுவார், பிறகு கொஞ்ச நேரம் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கடைசியில் கலங்கிவிடும். பலர் வீடியோவை அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது கட்டம் ஒன்று இருக்கிறது: அம்மா திரும்பி வருகிறார், இருவரும் சமாதானமாகிறார்கள். நன்றாக ஒட்டியிருக்கும் தாயும் சேயும்கூட மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒத்துப்போகிறார்கள் என்று டிரானிக்கே கண்டிருக்கிறார். மீதி நேரமெல்லாம் விலகுவதும் திரும்பச் சேர்வதும்தான். அப்படிச் சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது.

இப்போது உங்களைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பது சோம்பலோ பாசக் குறைவோ இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். நிறையப் பேருக்கு வருகிறது, சிகிச்சையில் குணமாகிறது. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். என்னிடம் எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், தனியாக இருக்காதீர்கள், வாரக் கடைசிக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாகிஸ்தானின் கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர் ஒரு முயற்சி செய்தார்கள். மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு, அந்தந்தக் கிராமத்துச் சுகாதாரப் பணிப் பெண்களையே பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். சும்மா பார்த்துவிட்டு வராமல், மனதைத் தேற்றும் முறையான உரையாடல். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அந்தப் பயிற்சி இல்லாதவர்கள் போய்ப் பார்த்த தாய்மாரில் 100க்கு 53 பேர் இன்னும் சோர்வில் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் போன வீடுகளில் 23 பேர். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

பேசவும் சிரிக்கவும் இப்போது முடியாவிட்டால் குழந்தையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருங்கள். வேறு யாராவது சிரித்துப் பேசட்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் தன்னார்வத்தோடு பெற்றோர் வகுப்பு தொடங்கினேன். முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். நான்காவது வாரம் ஐந்து பேர். நான் நன்றாகத் தயாரித்துக்கொண்டுதான் போகிறேன், படங்கள், குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. எங்கே தவறு?

பதில்: நன்றாகத் தயாரித்துக்கொண்டு போவதுதான் தவறு என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

என் முதல் வருடத்தைச் சொல்கிறேன். மூளையின் படம் ஒன்று வைத்திருந்தேன், கலர் கலராக. முதல் சில வருடங்களில் ஒரு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நரம்பிணைப்புகள் உருவாகின்றன என்பதை ரொம்ப ரசித்துச் சொல்வேன். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் குழந்தை வளர்ச்சி மையம் சொல்கிற கணக்குதான், பொய்யில்லை. ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்படியென்றால் இதுவரை போன நொடிகளெல்லாம் போனதுதானா?" அவளுடைய பிள்ளைக்கு இரண்டரை வயது. நான் ஏதோ சமாளித்தேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அந்தப் படத்தை நான் சுருட்டி வைக்க மேலும் ஆறு மாதம் பிடித்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு கூத்து, பிள்ளைகளால் தொந்தரவு என்று அவர்களை வெளியே விளையாட விட்டுவிட்டு அம்மாக்களுக்கு மட்டும் வகுப்பெடுத்தேன். நீச்சல் குளத்தில் தண்ணீரை வடித்துவிட்டு நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரி. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் என் வகுப்பு வகுப்பானது. சத்தமாக இருக்கும். நீங்கள் பேச நினைத்ததில் கால்வாசிகூடப் பேச முடியாது. அதுவே நல்லது.

நான் பிறகு செய்துகொண்டிருந்தது இதுதான். உட்கார்ந்ததும், "போன வாரம் வீட்டில் செய்தீர்களா?" என்று கேட்க மாட்டேன், அது வீட்டுப்பாடம் திருத்துகிற வாத்தியார் கேள்வி. "வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்பேன். யாராவது சிரிக்கிற மாதிரி ஒன்று சொல்வார்கள். அப்புறம் ஒரே ஒரு விளையாட்டு. மூடிகளை டப்பாவில் போடுவது, துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக் காட்டுவது, இப்படி. நான் ஒரு பிள்ளையோடு ஒருமுறை செய்து காட்டுவேன். பிறகு ஒவ்வொருவரும் அவரவர் பிள்ளையோடு செய்வார்கள். நான் சுற்றி வருவேன். வாயைத் திறந்தால், கண்ணால் பார்த்த ஒன்றைத்தான் சொல்வேன். "ரொம்ப நன்றாகச் செய்கிறீர்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் ஒட்டாது. "நீங்கள் நிறுத்தினதும் அவன் உங்கள் வாயையே பார்த்தான், கவனித்தீர்களா?" என்று சொன்னால் அந்த அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். கடைசியில், இதை வீட்டில் எப்போது செய்வீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பேன். குளிப்பாட்டும்போது, சட்டை மாட்டும்போது, இப்படி ஏற்கெனவே நடக்கிற வேலையில் கோத்துவிட வேண்டும். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் மூன்று நாள்கூடத் தாங்காது.

ஒரு வயதுக்குக் கீழே, மேலே என்று இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுங்கள். எட்டுப் பத்து ஜோடிக்கு மேல் போனால் என்னால் ஒவ்வொருவரையும் பார்க்க முடிந்ததில்லை. நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், வருகிறவர்களைக் கேளுங்கள். வராமல் நின்றவர்களின் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்பதற்காகப் போக வேண்டாம், பிள்ளையைப் பார்த்துவிட்டு வாருங்கள். காரணம் தானாக வந்துவிடும். பாதி நேரம் மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிற நேரம் அதுவாக இருக்கும்.

வீடு வீடாகப் போனால்தான் பலன், கூட்டமாக உட்கார்ந்தால் இல்லை என்று யாராவது உங்கள் உற்சாகத்தைக் கெடுக்கலாம். ஜமைக்காவில் பார்த்த அதே கிரந்தம்-மெக்ரிகர், ஒடிசாவில் இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்த குழுவிலும் இருந்தார். 2020இல் வெளிவந்த அந்த ஆய்வில், வீட்டுக்குப் போய்ச் சொல்லித்தருவதும் தாய்மாரைக் குழுவாகச் சேர்த்து நடத்துவதும் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்கு ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. குழு முறைக்கு ஆன செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஐந்து பேர் வருகிறார்களா? அந்த ஐந்து பேரை வைத்து நடத்துங்கள். என் வகுப்பு ஒரு மழைக்காலம் முழுக்க மூன்று பேரோடு ஓடியது. அதில் ஒருத்திதான் பிறகு எனக்கு உதவியாளராக வந்தாள். இப்போது அவள் என்னைவிட நன்றாக நடத்துகிறாள்.

கேள்வி: இரவு வேலை பார்க்கும் அப்பா நான். வகுப்புக்குப் போனால் நான் ஒருவன்தான் ஆண். பேச்செல்லாம் அம்மாக்களைப் பார்த்தே நடக்கிறது. போவதா, விடுவதா?

பதில்: போங்கள். "தாய்மார்களே" என்று ஆரம்பிப்பதை மாற்றச் சொல்லி நடத்துகிறவரிடம் கேளுங்கள். என் வகுப்பிலும் ஒரு அப்பா கேட்டுத்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் ஒரு வேலையை முழுசாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள், குளிப்பாட்டுவது என்று வைத்துக்கொள்வோம். "உதவி செய்கிறேன்" என்ற பேச்சு வேண்டாம். சோப்பு தீர்ந்தால் வாங்குவதும் உங்கள் வேலை. தினமும் அந்த இருபது நிமிடத்தில் நடக்கிற பேச்சு உங்கள் இருவருக்கும் மட்டுமானது.

கேள்வி: அறிவை வளர்க்கும் பொம்மை எது, எங்கே வாங்கலாம்?

பதில்: கழுவித் துடைத்த காலி டப்பா ஒன்று, பிள்ளையின் வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய மூடிகள் நாலு, எதிரே உட்கார ஒரு ஆள். முதல் இரண்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

கேள்வி: எனக்கு 67 வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் இரண்டு வயதுப் பேரனைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "பெற்றோர் வகுப்பு" என்று போட்டிருக்கிறார்கள். நான் போகலாமா?

பதில்: ஐயா, பகல் முழுக்க அவனோடு இருப்பது நீங்கள். உங்களைவிட அங்கே போக வேண்டியவர் யார்? ஒரே ஒரு யோசனை: தரையில் உட்கார முடியாவிட்டால் முதல் நாளே நாற்காலி கேட்டுவிடுங்கள். கௌரவம் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்க முடியாமல் நாலு பேர் தூக்கிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன.